தாழ்ந்த சுருதியும் தனித்த குரலும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் மூத்த உறுப்பினர்கள் சார்பில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. அம்மரபினைச் செயலாளர் தம் அறிக்கையில் செவ்வனே நிறைவேற்றிவிட்டார். இரவுப் பள்ளியில் எழுத்தறிந்தோரையும், கல்லூரி வாயில் கண்டோரையும், அரசுப் பணியில் அமர்ந்தோரையும் பற்றி அவர் கூறக் கேட்டு மகிழ்ந்தோம். நாங்கள் கூற எழுந்ததோ ஒரு பிழையைப் பற்றி. இச்சங்கத்தை 25 ஆண்டுகள் நடத்தி வந்த மூத்தோராகிய நாங்கள் செய்த பிழை அது. பிழையை மறைத்துவிட்டு விழாக் கொண்டாடுவது கல்விச் சங்கத்துக்கு அழகாகாது.

செய்தி இதுதான். நம் இரவுப் பள்ளியில் பயின்ற இளைஞர் ஒருவர், பகலில் சிவகாசி அச்சகம் ஒன்றில் வேலை பார்ப்பவர், கூலியில் மிச்சம் பிடித்து மதுரையில் பழைய பேஸ் கிதார் ஒன்றை வாங்கினார். அதனை ஒலிக்கச் செய்ய ஆம்பிளிபையர் வேண்டும். அதற்குச் சங்கம் கடனுதவி செய்யுமா என்று விண்ணப்பித்தார். செயற்குழுவில் அமர்ந்திருந்த நாங்கள் மறுத்தோம். படிப்புக்கு உள்ள பணம் பாட்டுக்கு இல்லை என்று கூட்டக் குறிப்பேட்டிலும் எழுதி வைத்தோம்.

மறுத்ததற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று வாயால் சொன்னது; மற்றொன்று மனத்தில் வைத்துக்கொண்டது. வாயால் சொன்ன காரணத்தை முதலில் பார்ப்போம். பேஸ் கிதார் என்பது பிறர் பாட்டுக்குப் பின்னால் நின்று ஒலிக்கும் துணைக்கருவி. அதனை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் தனியே என்ன பாட முடியும்? இதுவே நாங்கள் கேட்ட கேள்வி. கேட்டோமேயன்றி, விடை தேடினோமில்லை. விண்ணப்பத்தை மறுத்த பின்னரே தேடினோம். தேடியதில் அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கின்றோம்.

கிதாருக்குத் தந்திகள் ஆறு. பேஸ் கிதாருக்கு வழக்கமாக நான்கு. கழுத்து நீளம், தந்திகளோ பருமன். பருத்த தந்தி மெல்ல அதிர்கின்றது. மெல்ல அதிரும் தந்தி தாழ்ந்த ஒலி தருகின்றது. கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிரும். பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி அதில் பாதி, 41 முறை மட்டுமே அதிரும். தந்தியின் அடியில் காந்தமும் கம்பிச்சுருளும் உள்ளன. அதிர்வை அவை மின்னோட்டமாக மாற்ற, ஆம்பிளிபையர் அதனைப் பெருக்கித் தருகின்றது. ஆம்பிளிபையர் இன்றேல் அக்கருவி பெரும்பாலும் ஊமை. 'கருவியை வாங்கினாய், அதுவே போதும்' என்று நாங்கள் அவ்விளைஞரிடம் சொன்னது, விளக்கை வாங்கியவனுக்கு எண்ணெய் எதற்கு என்று கேட்டது போலாகும்.

இக்கருவி பரவக் காரணமானவர் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து லியோ பெண்டர். வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து வந்தவர். தமக்குக் கிதார் வாசிக்கத் தெரியாதவர். அதுவரை தாழ்ந்த சுருதிக்குப் பெரும்பாலும் ஆளுயர டபுள் பேஸ் கருவியே இருந்தது. அதனைத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. கூட்டத்தின் இரைச்சலில் அது கேட்பதும் அரிது. 1951 இல் பெண்டர் செய்து விற்பனைக்கு விட்ட பேஸ் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு எவரும் நடக்கலாம் என்றாயிற்று.

நம் இசைக்கும் தாழ்ந்த சுருதி புதிதன்று. மெலிவு, சமன், வலிவு என மூவகை இயக்கம் வகுத்த மொழி தமிழ். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உரசும்போது எழும் முழக்கம் நம் நெஞ்சுக்குள் புகுவதை எத்தனை கொடை விழாக்களில் உணர்ந்திருக்கின்றோம்! திரைப்பாட்டில் பேஸ் கிதாருக்குத் தனி நடை அமைத்து, அதனைத் தமிழர் செவிக்குப் பழக்கியவர் பண்ணைப்புரம் என்னும் சிற்றூரிலிருந்து வந்து 1976 இல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் அறிமுகமான இளையராஜா. அன்று முதல் அவ்வொலியைக் கேட்டே வளர்ந்தோம். பெயர் மட்டும் அறியாதிருந்தோம். இன்று கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் இளைஞர்களே, அச்சிறு ஒலிபெருக்கி அத்தனை தாழ்ந்த ஒலியை எழுப்ப வல்லதன்று. பாட்டின் அடித்தளத்தை நீக்கிவிட்டு மேல்மாடத்தை மட்டுமே அது காட்டுகின்றது. நல்ல பெட்டியில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இனி, தனியே பாட முடியுமா என்னும் கேள்வி. ஆணின் பேச்சுக்குரல் பொதுவாக வினாடிக்கு 100 அதிர்வை ஒட்டித் தொடங்குகின்றது; பெண்ணின் குரல் 200ஐ ஒட்டி அமைகின்றது. ஆர்மோனியமும் கிதாரும் பெரும்பாலும் குரல் உலவும் இடத்திலேயே உலவுவன. பேஸ் கிதாரோ குரலுக்குக் கீழே நிற்கின்றது. தரை கீழே, ஆள் மேலே, இடையில் வெளி. அந்த வெளியில் சொல் தெளிவாக விழுகின்றது. தந்தியைச் சுண்டும் விரலே தாளத்தையும் காப்பதால், சுருதிக்கு ஒருவர், தாளத்துக்கு ஒருவர் என ஆள் தேட வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: மூடி மறைக்க வேறு ஒலி இல்லாமையால், குரல் பிசகினாலும் சொல் பொய்த்தாலும் அக்கணமே தெரிந்துவிடும். தனித்து நிற்பவனுக்கு ஒளிய இடமில்லை. அதனாலேயே இம்முறை எளிதன்று. அதனாலேயே அது மதிப்புடையது.

இவ்வாறு பாடுவோர் உலகில் உளர். ஆப்பிரிக்கக் கண்டத்துக் கேமரூன் நாட்டில் 1967 இல் பிறந்தவர் ரிச்சர்ட் போனா. இளமையில் கருவி வாங்க வழியின்றித் தம் கையாலேயே கிதார் செய்து, மிதிவண்டியின் பிரேக் கம்பிகளைத் தந்தியாகக் கட்டியவர். பின்னர் பேஸ் கிதாரைப் பற்றிக்கொண்டு பாரிசும் நியூயார்க்கும் சென்றார். உலக மேடைகளில் நின்றபோதும் தம் தாய்நிலத்து டுவாலா மொழியை விட்டாரில்லை. அம்மொழியிலேயே பாட்டுக் கட்டினார். சில வேளைகளில் வேறெவரும் இன்றித் தம் குரலையே கருவியொன்றில் பதிந்து, அதன்மேல் மீண்டும் தாமே பாடி, ஒற்றை ஆளாகவே ஒரு பாடற்குழுவின் ஒலியை எழுப்பிக் காட்டுவார்.

அமெரிக்காவில் 1984 இல் பிறந்த எஸ்பெரான்சா ஸ்பால்டிங் என்னும் பெண்மணி, தாயொருவரின் உழைப்பில் வளர்ந்தவர். டபுள் பேசையும் பேஸ் கிதாரையும் வாசித்தபடியே தாம் இயற்றிய பாடல்களைப் பாடுபவர். 2009 இல் ஆஸ்லோ நகரில் அதிபர் ஒபாமாவுக்கு நோபல் அமைதிப் பரிசு வழங்கிய விழாவில் பாடினார். 2011 இல் சிறந்த புதுக்கலைஞருக்கான கிராமி விருதினைப் பெற்றார். ஜாஸ் இசைத்துறையிலிருந்து அவ்விருதைப் பெற்ற முதல் கலைஞர் அவரே. பெண்களுக்கு இக்கருவி எதற்கு என்று கேட்போர் இருப்பின், நம் பெண்மக்கள் அவர் பெயரைச் சொல்லலாம்.

ஆயினும், எங்களை நெடுநேரம் சிந்திக்க வைத்தவர் இவ்விருவருக்கும் முற்பட்டவர். அவர் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன், கறுப்பினத்தவர், 1936 இல் தென் கரோலினாவில் பிறந்தவர். சிறுவனாயிருந்தபோது ஒரு குச்சியில் ரப்பர் பட்டையைக் கட்டி, எறும்புப் புற்றின் அருகே மண்ணில் நட்டுச் சுண்டி, எறும்புகள் ஆடுகின்றனவா என்று பார்ப்பாராம். பின்னர் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில், 1960களில் உலகெங்கும் ஒலித்த எண்ணற்ற பாடல்களுக்குப் பேஸ் கிதார் வாசித்தார். வலக்கையில் ஆட்காட்டி விரல் ஒன்றினாலேயே தந்தியைச் சுண்டினார். அவ்வொற்றை விரலுக்குக் 'கொக்கி' என்று தோழர்கள் பெயரிட்டிருந்தனர்.

கோடிக்கணக்கானோர் அவ்விரலின் ஒலிக்கு ஆடினர். ஆனால் இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் இல்லை. பாடியவர் பெயர் உண்டு. நிறுவனத்தின் பெயர் உண்டு. அடித்தளமிட்டவர் பெயர் இல்லை. 1971 இல் மார்வின் கே வெளியிட்ட இசைத்தட்டில்தான் அவர் பெயர் முறையாக அச்சேறியது. 1983 இல், 47 வயதில், பொதுமக்கள் பலர் அறியாமலே அவர் மறைந்தார். 1989 இல் அவரைப் பற்றி நூல் வந்தது. 2000 இல் ராக் இசைப் புகழ்க்கூடத்தில் அவர் பெயரும் சேர்ந்தது. இரண்டையும் காண அவர் இல்லை.

இளைஞர்களே, இக்கதையைக் கேட்டு அமெரிக்காவுக்காக மட்டும் வருந்தி அமைய வேண்டா. நம் ஊரைப் பாருங்கள். குட்டி ஜப்பான் என்று புகழப்படும் சிவகாசியில், 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தோரின் பெயர்களை வரலாறு வைத்திருக்கின்றது, அது நன்றே. பட்டாசுப் பெட்டியின் வண்ணச் சீட்டில் ஆலையின் பெயர் இருக்கின்றது. பறவையும் தாமரையும் திரை நட்சத்திரங்களின் முகங்களும் இருந்திருக்கின்றன. குழாய் உருட்டிய கை, திரி செருகிய கை, சரம் பின்னிய கை, அலுமினியத் தூள் அப்பி வெள்ளியாய் மின்னும் கை, இவற்றுள் எக்கையின் பெயராவது அச்சீட்டில் ஏறியதுண்டா? அச்சீட்டை அச்சிடுவோருள்ளும் நம் பிள்ளைகள் உளர் என்பது இன்னும் வியப்பு.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எண்கள் நினைவில் நிற்கின்றன. இழந்த வீட்டாரைத் தவிர, பெயர்களை நினைவில் வைத்திருப்போர் எவர்? எண்ணைச் செய்தித்தாள் காக்கும். பெயரைக் காப்பது பாட்டு. ஒப்பாரி பாடிய நம் பாட்டிமார் இதனை அறிந்திருந்தனர். கற்ற நாங்கள்தாம் மறந்தோம்.

இப்போது, மனத்தில் வைத்துக்கொண்ட இரண்டாம் காரணத்துக்கு வருகின்றோம். அதனைச் சொல்லக் கூச்சமாகவே இருக்கின்றது. எனினும் சொல்லியாக வேண்டும்.

எங்களுள் பலர் பறையடித்த குடும்பத்தினர். ஊரில் சாவு விழுந்தால் எங்கள் தகப்பன்மார் போக வேண்டும். காய்ச்சலானாலும் போக வேண்டும். தம் வீட்டிலேயே துயரமானாலும் போக வேண்டும். கூலி என்று கேட்க உரிமையில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும். இந்நிலை ஒழியப் பறையை விட்டொழிப்பதே வழி என்று நம் இயக்கங்கள் ஊர்தோறும் கூறின. சாதி சுமத்திய இழிதொழிலை மறுத்து எழுங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் தம் மக்களுக்குக் காட்டிய வழியும் அதுவே. அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடிபட்டோர் உண்டு. ஊர் விலக்குக்கு ஆளானோர் உண்டு. ஆகவே, இச்சங்கத்தைத் தொடங்கியபோது, இக்கூடத்துக்குள் புத்தகம் வரலாம், கொட்டும் மேளமும் வரலாகாது என்று எங்களுக்குள் ஒரு முடிவு செய்துகொண்டோம். எந்தச் சட்டவிதியிலும் அது எழுதப்படவில்லை. எனினும் 25 ஆண்டுகளாக அதனைக் காத்து வந்தோம். அந்த இளைஞரின் கையில் பேஸ் கிதாரைக் கண்டபோது, எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது எங்கள் தகப்பன்மார் தோளில் தொங்கிய தோற்கருவியே.

இருப்பினும், எங்கள் காலத்திலேயே வேறு வழி காட்டியோர் இருந்தனர். இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் 1955 இல் பிறந்த முனைவர் கே. ஏ. குணசேகரன், நாட்டுப்புறப் பாடலைக் கற்று, ஆய்ந்து, ஊர் ஊராகப் பாடினார். கவிஞர் இன்குலாப்பின் பாடல் அவர் குரலில் நம் மக்களின் முழக்கமாயிற்று. புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கினார். 2016 இல் மறையும் வரை பாட்டைக் கைவிட்டாரில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்னும் பெயரில் உழைக்கும் மக்களின் மெட்டில் தாமே பாட்டுக் கட்டினார். மராட்டியத்தில் வாமன்தாதா கர்டக் அம்பேத்கரின் கொள்கைகளை ஆயிரக்கணக்கான பாடல்களாக்கி, 2004 இல் மறையும் வரை பரப்பினார். இவர்கள் படிப்பையும் பாட்டையும் எதிரெதிரே நிறுத்தவில்லை. படிப்பா, பாட்டா என்று குறிப்பேட்டில் எழுதியவர்கள் நாங்கள்தாம். 2025 இல் மதுரை மாவட்டத்துப் பறையிசை ஆசான் வேலு அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, எங்களுள் ஒருவர் செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் வாய் திறவாதிருந்தார்.

இனி, எங்களைத் திருத்திய மாலைப்பொழுதைப் பற்றிக் கூறுகின்றோம்.

அண்ணலின் பிறந்த நாளாகிய ஏப்ரல் 14 அன்று தெருவில் கூட்டம். நாங்கள் மறுத்த ஆம்பிளிபையரை அந்த இளைஞர் வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். மத்தளம் இல்லை, கீபோர்டு இல்லை, உடன் பாட ஒருவரும் இல்லை. தாமே எழுதிய பாட்டு. சரம் பின்னும் தம் தாயைப் பற்றியது. முதலில் நான்கைந்து முறை தந்தியைச் சுண்டினார். அவ்வொலி காதில் கேட்குமுன் திண்ணையில் உணரப்பட்டது. பேசிக்கொண்டிருந்தோர் பேச்சை நிறுத்தினர். அதன்பின் குரல் எழுந்தது. வேலைக்குப் போகும் தாய் விடியலில் பானையில் சோறு வைத்துவிட்டுப் போவதையும், மாலையில் பேருந்து வரும் வரை பிள்ளைகள் சாலையைப் பார்த்திருப்பதையும் பாடினார். தம் தெருவில் வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பெயருக்கு ஒருமுறை தந்தி ஒலித்தது. கூட்டத்திலிருந்த பெண்கள் அழுதனர்; எழுந்து போனவர் எவருமில்லை.

பாட்டு முடிந்ததும், இளமையில் பறையைக் கிணற்றில் வீசியவர் என்று நாங்கள் அறிந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். கருவியைத் தொட்டுப் பார்த்தார்.

"இத வாசிக்கச் சொல்லி யாருப்பா உன்ன அனுப்புனது?" என்று கேட்டார்.

"யாரும் அனுப்பல தாத்தா. நானாத்தான் வாசிக்கிறேன்" என்றார் இளைஞர்.

பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்பச் சரி" என்று மட்டும் சொல்லித் தம் இடத்தில் போய் அமர்ந்தார்.

அன்பர்களே, அவ்விரு சொற்களில் எங்கள் 25 ஆண்டுக் குழப்பம் தீர்ந்தது. எங்கள் தகப்பன்மாரை இழிவு செய்தது தோலும் குச்சியும் அல்ல. வா என்றால் வர வேண்டும், போ என்றால் போக வேண்டும் என்ற கட்டளை. அக்கட்டளைக்கு அஞ்சி இசையையே வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டோம். கட்டளையை மறுத்தது சரி. கட்டளை போன பின்னும், பிள்ளைகள் தாமே விரும்பி எடுத்த கருவியை மறுத்தது பிழை. நேற்று அவர்கள் 'அடி' என்றார்கள். இன்று நாங்கள் 'அடிக்காதே' என்றோம். இரண்டிலும் வாசிப்பவனைக் கேட்டவர் எவருமில்லை.

ஆதலின், செயற்குழுவின் ஒப்புதலோடு மூன்று முடிவுகளை இம்மேடையில் அறிவிக்கின்றோம். ஒன்று, குறிப்பேட்டில் நாங்கள் எழுதிய அந்த வரியை அடித்துவிட்டு, அவ்விளைஞர் கேட்ட கடனை வழங்குகின்றோம். இரண்டு, ஞாயிறு மாலைகளில் நம் கூடம் இசைப் பயிற்சிக்குத் திறந்திருக்கும். பேஸ் கிதார் ஆயினும் பறை ஆயினும் அங்கே இடமுண்டு. மூன்று, நம் பிள்ளைகள் இயற்றும் பாடல்களைத் தொகுத்து, எழுதியவர் பெயரோடும் வாசித்தவர் பெயரோடும் நூலாக வெளியிடுவோம். அச்சுக்குப் பெயர்பெற்ற மண்ணில் நம் பெயரை நாமே அச்சிட இயலாதா?

உங்களிடம் நாங்கள் வேண்டுவனவும் மூன்று. பாட்டைக் காரணம் காட்டிப் படிப்பை விடாதீர்கள். எழுதத் தெரிந்தவனே தன் பாட்டைத் தன் பெயரில் காக்க முடியும். பிறர் பாட்டைத் திருப்பிப் பாடுவதோடு நில்லாது, உங்கள் தெருவைப் பற்றி நீங்களே எழுதுங்கள். மேடையில் புகழ் வரும்போது, பின்னால் நின்று வாசித்தவர் பெயரையும், ஒலிபெருக்கி கட்டியவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜேமர்சனுக்கு நேர்ந்தது நம் கூட்டத்தில் ஒருவருக்கும் நேரலாகாது.

தாழ்ந்தவர் என்று நம்மைச் சொன்னார்கள். இசையில் தாழ்ந்த சுருதி என்பது இழிந்த சுருதி அன்று. மற்றச் சுருதிகள் எல்லாம் ஊன்றி நிற்கும் இடம் அது. அந்தச் சுருதியை மட்டும் துணையாகக் கொண்டு ஒரு பிள்ளை தனியே நின்று பாடியதை நாங்கள் கேட்டோம். இனி நீங்கள் பாடுங்கள்; கேட்பதற்கு நாங்கள் இருக்கின்றோம்.